வயது ஒரு நோயல்ல: ஓர் அச்சு எண்ணெய்க் கசிவை முன்வைத்து

பழைய வண்டியின் பின்சக்கரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கினால் நம்மிடையே இரண்டே தீர்ப்புகள்தாம் வழக்கில் உள்ளன. "சீல் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பது ஒன்று. "வண்டிக்கு வயதாகிவிட்டது, தள்ளிவிடுங்கள்" என்பது மற்றொன்று. முதலாவதை அவசரத்தில் இருக்கும் பட்டறை சொல்கிறது. இரண்டாவதை மைத்துனர் சொல்கிறார், அண்டை வீட்டுக்காரர் சொல்கிறார், சில ஆண்டுகளாக அரசாங்கமும் சொல்கிறது. இரண்டு தீர்ப்புகளிலும் விசாரணை என்ற ஒன்றே நடப்பதில்லை என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

இலக்கிய இதழ் வாசிப்பவர்களிடம் அச்சையும் எண்ணெயையும் ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். செய்யுளில் அச்சு வந்தால் உரை எழுதத் தயங்காதவர்கள் நாம். தெருவில் நிற்கும் வண்டியின் அச்சைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அது மெக்கானிக் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறோம். புறநானூற்றின் 102ஆம் பாடலில், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சை ஔவையார் ஓர் அரசனுக்கு உவமையாக்குகிறார். வழியில் என்ன நேருமென்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த தொழிலாளியின் அறிவு அங்கே கவிதையாகிறது. திருக்குறள் 475இல் மயிலிறகுதான் பாரம் என்றாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். அச்சு பழையது, அதனால் முறிந்தது என்று அவர் சொல்லவில்லை. முறிவுக்கு வெளியே ஒரு காரணத்தைத் தேடி அதைப் பாரம் என்று பெயரிட்டுச் சொல்கிறார். அந்தத் தேடல்தான் இன்று நம் பட்டறைகளிலிருந்தும் நம் சட்டங்களிலிருந்தும் கழன்று விழுந்துகொண்டிருக்கிறது.

1

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். மோட்டார் வண்டியின் பின் அச்சு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நீண்ட இரும்புக் கூடு. பட்டறையில் அதற்கு ஹவுசிங் என்று பெயர். நடுவே கிரவுனும் பினியனும் டிஃபரன்ஷியலும், இருபுறமும் சக்கரம்வரை செல்லும் ஆக்ஸில் தண்டுகளும் அதனுள் இருக்கின்றன. பற்கள் தேயாமலிருக்க உள்ளே கனமான கியர் எண்ணெய் ஊற்றப்படுகிறது. தண்டு கூட்டை விட்டு வெளியே வரும் இடங்களில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது சீல். இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் உதடு, அந்த உதட்டைச் சுழலும் தண்டின்மேல் அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள் வில், இவ்வளவுதான் அதன் கட்டமைப்பு.

இந்தக் கூட்டை முற்றாக மூடிவிட முடியாது. ஓடும்போது பற்கள் உரசி எண்ணெய் சூடாகிறது, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்று வெளியேறுவதற்காகக் கூட்டின் மேற்புறம் சிறிய மூச்சுத்துளை ஒன்றை வைத்திருப்பார்கள். பட்டறைப் பெயர் பிரீத்தர். சேற்றாலோ தூசியாலோ, யாரோ அலட்சியமாக அடித்த பெயின்டாலோ அது அடைபட்டுவிட்டால் காற்று வேறு வழியைத் தேடும். எளிதாகக் கிடைக்கும் வழி சீலின் உதடு. காற்று தன்னோடு எண்ணெயையும் வெளியே தள்ளும். இந்நிலையில் சீல் குற்றவாளி அல்ல. அடி வாங்கியவன் அது. அதைக் கழற்றிப் புதியதைப் போட்டால் சில வாரங்களில் புதியதும் அடி வாங்கும்.

அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கங்களில் இதைச் சிறப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் தொழிலை நம்பிய நிலப்பகுதி இது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பு தடவப்படுகிறது. உப்பு ஈரத்தை இழுக்க, உப்பு நீர் வண்டியின் தளத்திலிருந்து சேஸிஸுக்கும் அச்சுக்கும் சொட்டுகிறது. இரும்பை அரிப்பதற்கு உப்பு நீரைவிடத் தோதான பொருள் அதிகமில்லை. அத்தகைய பாரம் சுமந்த ஒரு வண்டியின் ஹவுசிங்கில் துரு பிடித்து மூச்சுத்துளை அடைந்திருந்தால், அதற்கு வண்டியின் பிறந்த ஆண்டு எவ்வகையில் பொறுப்பாகும்? சுமந்த பாரத்தைக் கேளாமல் வயதைக் கேட்பது விசாரணையாகாது.

2

சீலைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. நல்ல மெக்கானிக்குகள் யாவரும் இதைக் கைப்பழக்கத்தால் அறிவார்கள். எழுதிவைப்பவர்தாம் இல்லை. எனவே எழுதிவைக்கிறோம்.

கசிவது எது என்பது முதற்கேள்வி. சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் அது கியர் எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கியர் எண்ணெய் கெட்டியானது, கந்தக நெடி அடிக்கும், விரலிடுக்கில் வழவழக்கும். பிரேக் திரவம் நீர்த்தது, பெயின்டை உரிக்கும், கசிந்தால் அதன் புட்டியில் அளவு குறையும். ஹப்பிலிருந்து உருகி வழியும் கிரீஸ் இன்னொரு வகை. மூன்றையும் பிரித்தறியாமல் அச்சைக் கழற்றுகிறவர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிறவர்.

எங்கிருந்து கசிகிறது என்பது இரண்டாவது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துச் செல்கிறது. ஆகவே சொட்டு விழும் இடத்துக்கும் கசிவு பிறக்கும் இடத்துக்கும் ஒரு முழத் தொலைவுகூட இருக்கலாம். ஈரம் படிந்த பகுதியில் ஆக மேலே, ஆக முன்னே இருக்கும் புள்ளிதான் பிறப்பிடம். இதைக் காண எளிய வழி கூட்டைச் சுத்தமாகத் துடைத்து, ஈரம் போக உலரவிட்டு, சுண்ணாம்புத் தூளையோ முகப்பவுடரையோ தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து படுத்துப் பார்ப்பதுதான். வெண்மையில் கறுப்புக் கோடு தன் ஊற்றுக்கண்ணைத் தானே காட்டும். அது பினியன் முனையாக இருக்கலாம், டிஃபரன்ஷியல் மூடியின் பேக்கிங்காக இருக்கலாம், வடிகால் போல்ட்டாக இருக்கலாம், கூட்டின் வெல்டிங் பிளவாகக்கூட இருக்கலாம். இவற்றுள் எதற்கும் சக்கரத்துச் சீலுக்கும் தொடர்பே இல்லை.

எண்ணெயின் அளவு மூன்றாவது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி எண்ணெய் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றினால், எண்ணெய் அத்துளையின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும் என்பதே பெரும்பாலான வண்டிகளுக்கான விதி. அதற்கு மேல் இருந்தால் யாரோ அன்பு மிகுதியால் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள். கூடுதல் எண்ணெய் தண்டு வழியாகச் சக்கரத்தை நோக்கி ஓடும். வண்டி இரவில் ஒருபக்கம் சரிந்த இடத்தில் நிற்கிறதா என்பதையும் உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும்.

நான்காவது, முன்னே சொன்ன மூச்சுத்துளை. கழற்றித் துடைத்து ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஐந்தாவது பேரிங். வண்டியை ஜாக்கியில் தூக்கி, நழுவாதபடி முட்டுக் கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் மிகுந்தால் தண்டோ ஹப்போ மையம் விட்டு அலைகிறது என்று பொருள். அலையும் பரப்பை ரப்பர் உதடு தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்க முடியாது. பேரிங்கை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் பாயை மட்டும் மாற்றுவது போன்றது.

ஆறாவது தண்டின் உடம்பு. பல்லாண்டுகள் ஒரே இடத்தில் உரசிய சீல், இரும்பிலேயே ஒரு வரிப்பள்ளத்தை உண்டாக்கியிருக்கும். நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டும். அந்தப் பள்ளத்தில் எத்தனை புதிய சீலைப் போட்டாலும் நிற்காது. மெல்லிய உலோக உறை ஒன்றைத் தண்டின்மேல் ஏற்றலாம், அல்லது இடமிருந்தால் சீலைச் சற்று முன்பின்னாகப் பொருத்தி உதடு தேயாத பரப்பில் உட்காரும்படி செய்யலாம்.

இவ்வளவையும் பார்த்த பிறகே சீல். அதிலும் முறை இருக்கிறது. சுருள் வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் சிறிது எண்ணெய் தடவ வேண்டும். உலர்ந்த உதடு முதல் கிலோமீட்டரிலேயே கருகும். ஒரு பக்கமாகச் சுத்தியால் அடித்துச் செருகாமல், சுற்றளவு முழுதும் சமமாக அழுந்தும்படி ஒரு குழாய்த் துண்டையோ பழைய பேரிங் வளையத்தையோ வைத்துத் தட்டி இறக்க வேண்டும். தண்டின் பற்கள் உதட்டைக் கிழிக்காதபடி டேப் சுற்றிக்கொள்ள வேண்டும். பினியன் சீல் என்றால், நட்டைக் கழற்றும் முன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்வது அவசியம். கைபோன போக்கில் இறுக்கினால் பினியன் பேரிங்கின் இறுக்கம் மாறிக் கசிவு நின்று ஊளைச்சத்தம் தொடங்கும்.

இத்தனையையும் ஒரு பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. சக்கர முனையில் கசியும் எண்ணெய் நேராகப் பிரேக் டிரம்முக்குள் போகிறது. எண்ணெய் குடித்த லைனிங் பிடிக்காது. ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காத வண்டி மழைநாளில் எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி மாட்டும் வழக்கத்தையும் இங்கே கண்டித்தாக வேண்டும். அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே டிரம்மில் படிந்த தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. ஊதுகிறவர் நமக்காக வேலை செய்யும் பையன் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

3

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒருவரிடம் அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. அதன் இடது பின்சக்கரக் கசிவுக்கு வெவ்வேறு பட்டறைகளில் மூன்று முறை சீல் மாற்றப்பட்டது. மூன்று முறையும் கசிந்தது. மூன்றாம் பட்டறையில், இனி இதற்குச் செலவழிப்பது வீண், எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று அறிவுரையும் கிடைத்தது. கடைசியில் அரக்கோணத்தில் ரயில்பாதையை ஒட்டிய ஒரு சிறு ஷெட்டில், முதிய மெக்கானிக் ஒருவர் படுத்து உள்ளே பார்த்துவிட்டு எழுந்து சொன்னது இது: "சீல் போவல சார். சீலைப் புடிச்சுத் தள்ளுது. யார் தள்றான்னு பாக்கணும்." மூச்சுத்துளையின் மேல் தாரும் மண்ணும் இறுகிக் கல்லாகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, கூடுதல் எண்ணெயை வடித்து, தண்டை நகத்தால் தடவிப் பார்த்து, கிழிந்திருந்த சீலையும் மாற்றினார். கூலி கேட்கும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. சீலுக்கு உரிய விலையைச் சொன்னார், மாட்டியதற்குச் சிறு தொகை சொன்னார். கண்டுபிடித்ததற்கு எதுவும் கேட்கவில்லை.

நம் பொதுப்புத்தியின் சீர்கேடு முழுதும் அந்த இறங்கிய குரலில் இருக்கிறது. பாகத்துக்குக் காசு கொடுக்கிறோம். மாட்டும் கைக்கு முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறோம். யோசனைக்குக் கொடுப்பதே இல்லை. மருத்துவர் ஒன்றும் எழுதித் தராமல், உங்களுக்கு நோயில்லை என்று சொன்னாலும் கட்டணம் வாங்கிக்கொள்வார், நாமும் நிம்மதியோடு கொடுத்துவிட்டு வருவோம். மெக்கானிக் பாகம் எதையும் மாற்றாமல் பிரீத்தரைத் துடைத்து அனுப்பினால் "இதற்கா காசு?" என்கிறோம். பிறகு, பட்டறைக்காரர்கள் தேவையில்லாமல் பாகங்களை மாற்றுகிறார்கள் என்று புலம்புகிறோம். பாகத்துக்கு மட்டுமே காசு என்று நாம் விதித்துவிட்ட பிறகு அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொல்லும் 948ஆம் குறளை மருத்துவக் கல்லூரி மேடைகளில் மட்டும் முழங்கிக்கொண்டிருப்பது போதும். அந்தக் குறள் பட்டறைக்கும் உரியதுதான்.

4

இப்போது இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பழைய வாகனங்களைக் கழிப்பதற்கான கொள்கையைத் தொடங்கிவைத்தது. தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை அக்கொள்கை வயதை மட்டும் பார்ப்பதில்லை, தகுதிச் சோதனையைப் பார்க்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தவை வேறு. 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படாது என்றாகிவிட்டது. தலைநகர் தில்லியில் டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த வரம்பை 2018இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2025இல் அதே கேள்வி மறுபடியும் அந்நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. வயதை வைத்து எழுதிய தீர்ப்பு எளிதில் முடிந்துபோவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எதிர்வாதம் எங்களுக்குத் தெரியும். பழைய வண்டிகள் புகை கக்குகின்றன, விபத்துக்கு வழிவகுக்கின்றன, எரிபொருளை விழுங்குகின்றன. இவற்றில் உண்மை இருக்கிறது. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வருவதற்கு முன் செய்த என்ஜினைச் சீல் மாற்றிச் சரிசெய்துவிட முடியாது. எங்கள் பதில் ஒன்றுதான்: அப்படியானால் புகையை அளவுங்கள், பிரேக்கை அளவுங்கள், அச்சின் ஆட்டத்தை அளவுங்கள், கசிவைப் பாருங்கள். தோற்ற வண்டியை நிறுத்துங்கள், அதன் வயது மூன்றாக இருந்தாலும் சரி. தேறிய வண்டியை விடுங்கள், அதன் வயது முப்பதாக இருந்தாலும் சரி. அளக்கும் கருவி கையில் இருக்கும்போது நாட்காட்டியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சோம்பல். அந்தச் சோம்பலுக்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் சூட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு வண்டியைப் புதிதாகச் செய்ய எடுக்கும் இரும்புக்கும் ரப்பருக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு உண்டல்லவா?

சுற்றுச்சூழல் என்று பேசுகையில் நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். வடித்த கியர் எண்ணெயைப் பட்டறைக்குப் பின்னால் மண்ணில் கொட்டுகிறவர்களுக்குப் பழைய வண்டிக்காக வாதாடும் தகுதி கிடையாது. கழிவு எண்ணெய் சட்டப்படியே அபாயக் கழிவு. பாலாற்றுப் பகுதி மக்களுக்குக் கசிவு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் கழிவுகள் குறித்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதியாகச் சொன்னது. அக்கோட்பாடு தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, எண்ணெய் வடிக்கும் தகரத்துக்கும் பொருந்தும்.

5

வயதான எந்திரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ள நாம் மேலை நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. 2019இல் ராணிப்பேட்டை மாவட்டத்தோடு சேர்ந்த அரக்கோணமே போதும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை போடப்பட்டபோது அது அரக்கோணம் வழியாகவே சென்றது. அன்றுமுதல் இந்த ஊர் அச்சுகளோடு வாழ்கிறது. ரயில்வேயில் ஹாட் ஆக்ஸில் என்று ஒரு சொல் உண்டு. அச்சுப் பெட்டியின் பேரிங் மசகு கெட்டுச் சூடேறினால், கடைசியில் அச்சே முறிந்து வண்டி தடம் புரளும். அதனால்தான் நிற்காமல் போகும் ரயிலையும் நிலையத்தில் ஊழியர் நின்று கவனிக்கிறார். புகை வருகிறதா, தீப்பொறி தெரிகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று கண்ணும் காதும் வைக்கிறார். நிற்கும் ரயிலின் அச்சுப் பெட்டிகளின் சூட்டைப் பார்ப்பதற்கும் ஆள் உண்டு. ரயில்வேயும் பெட்டிகளுக்கு ஆயுள் வரம்பு வைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம்பை நம்பி எவரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. குறித்த இடைவெளியில் பெட்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய், சக்கரத்தையும் அச்சையும் கழற்றிச் சோதித்து மாட்டுகிறார்கள். சோதனைதான் அங்கே விதி. வயது அதற்குப் பிறகு வருவது.

அடுத்து ஐஎன்எஸ் ராஜாளி. 1992இல் அரக்கோணத்தில் அமைந்த இந்தக் கடற்படை விமானத் தளத்திலிருந்து டியு-142எம் வகை விமானங்கள் பறந்தன. 1988இல் சேவையில் சேர்ந்த அவை 29 ஆண்டுகள் கடலைக் காவல்காத்து, 2017 மார்ச்சில் அதே தளத்தில் மரியாதையோடு விடைபெற்றன. அவற்றுள் ஒன்று இன்று விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ரஷ்யாவிலிருந்து வந்த நான்கு என்ஜின் விமானத்தை 29 ஆண்டு காலம் வானில் வைத்திருந்தவர்கள், கசிவைக் கண்டதும் வயதாகிவிட்டது என்று கைகழுவியிருந்தால் அது நடந்திருக்குமா? மாற்று வந்து, தேவை தீர்ந்து, அதன்பின் ஓய்வு கொடுத்தார்கள். தேசத்தின் விமானத்துக்குப் பொருந்தும் நியாயம், காய்கறி ஏற்றி வரும் பழைய வேனுக்கும் பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டின் எந்திரத் தொழிலே பழுதுபார்த்தலிலிருந்து முளைத்தது என்பதையும் மறந்துவிட்டோம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்து ஓட்டத்தான் தொடங்கினார். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டியவர். பாகம் கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும் காலத்தில், ஏன் போயிற்று என்று கேட்காமல் அவர்களால் ஒரு நாள்கூட வண்டி ஓட்டியிருக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்ட பட்டறைகள்தாம் பின்னர் தொழிற்சாலைகளாயின. இன்று அரக்கோணத்தை அடுத்து டயர் ஆலை இருக்கிறது, ஒருகாலத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை ஓடியது. இவ்வளவு எந்திரங்களுக்கு நடுவே வாழும் ஊர்களில், எந்திரத்தின் நோயைக் கண்டறியும் கலைக்கு மட்டும் வாரிசில்லாமல் போகிறது.

6

அதற்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று சொல்வோம். மாட்டுவண்டிக்கு நம்மிடம் அச்சு இருந்தது, இருசு இருந்தது, அச்சாணி இருந்தது, குடமும் ஆரக்காலும் இருந்தன, வண்டி மை இருந்தது. ஒவ்வொன்றும் தச்சரும் வண்டிக்காரரும் ஆண்ட சொல். மோட்டார் வந்தபோது கலைச்சொல் குழுக்கள் மேசையில் அமர்ந்து பேரிங்குக்குத் தாங்கி என்று பெயரிட்டன. பிழையற்ற நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல் பட்டறை வாசலை மிதிக்கவே இல்லை, பட்டறையிலிருந்தும் யாரும் அந்த மேசைக்கு அழைக்கப்படவில்லை. விளைவாக, சொற்பட்டியல் ஒரு பக்கமும் அறிவு இன்னொரு பக்கமும் தங்கிவிட்டன. "புடிச்சுத் தள்ளுது" என்று அந்த முதியவர் சொன்னதைவிடத் துல்லியமான விளக்கம் எந்தத் தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது?

சிற்றிதழ் மரபும் இதில் குற்றமற்றதல்ல. அம்பாஸடரைப் பற்றி எழுதினால் அப்பாவின் நினைவை எழுதுவோம், வெள்ளைச் சட்டை அரசியல்வாதியை எழுதுவோம். 2014இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றபோது ஊரெங்கும் இரங்கற்பாக்கள் வந்தன. அந்த வண்டியை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்த கைகள் என்ன அறிந்திருந்தன என்று கேட்டு எழுதியவர் மிகக் குறைவு. ஏக்கம் நமக்கு எளிதாக வருகிறது. விவரம்தான் வருவதில்லை. பழையதைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே, பழையதைக் காக்கும் அறிவை நாம் சாகவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. அரசு, வயதைத் தள்ளிவைத்துவிட்டுச் சோதனையை முன்னுக்குக் கொண்டுவரட்டும். சோதனைச் சாவடியில் ஒரு வண்டி தோற்றால் எதனால் தோற்றது என்று தமிழில் எழுதித் தரட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள், பாகத்தை மாற்றக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காமல் காரணத்தைத் தேடவும் கற்றுக்கொடுக்கட்டும், அதைக் கற்பிக்க ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளை அழைக்கட்டும். வண்டி வைத்திருக்கும் நாம், பட்டறைக்குப் போகும்போது "சீலை மாத்துங்க" என்று உத்தரவிடாமல் "ஏன் கசியுதுன்னு பாருங்கண்ணே" என்று கேட்போம். பார்த்துச் சொன்னதற்கென்று, பாகம் எதுவும் மாறாவிட்டாலும், தனியே கூலி கொடுப்போம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டறையில் முதியவர் ஒருவர் இருப்பார். ஒரு மாலை அவரருகில் உட்காருங்கள். கசிவையும் சத்தத்தையும் சூட்டையும் அவர் எப்படிப் படிக்கிறார், எந்த வரிசையில் படிக்கிறார் என்று அவர் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல் வெளியிடுவோம்.